வீட்டில் ரீலோடிங் மேஜை அமைப்பது எப்படி: முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்கு

நான் முதலில் செய்த 140 தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். காரணம் ஒரு தராசு. அதை ஏசி காற்று நேராக வந்து விழும் இடத்தில் வைத்திருந்தேன். வேலை முடிந்த பிறகு வெறும் தட்டை வைத்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக 0.6 கிரெய்ன் (பவுடரை எடைபோடும் மிகச் சிறிய அலகு) காட்டுகிறது. எப்போது நகரத் தொடங்கியது, எத்தனை தோட்டாக்களில் பவுடர் தவறாகப் போயிருக்கிறது, எதுவும் தெரியாது. அதனால் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நான்கு மாலைகள் அந்த வேலையிலேயே போயின.

உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ரீலோடிங் என்றால் சுட்ட தோட்டாவின் காலி பித்தளைக் கேஸை எடுத்து, சரிசெய்து, புது பிரைமர் (அடிபட்டதும் பொறி தந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), புது பவுடர், புது குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. கற்றுக்கொள்ள முடியாத வேலை இல்லை. ஆனால் செய்த தவறு வெளியே தெரியாமல் தோட்டாவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அது வெளிப்படுகிற இடம் உங்கள் முகத்துக்கு அரையடி முன்னால். ஆகவே தவறு செய்தால் உடனே கண்ணில் படுகிற மாதிரி மேஜையை அமைப்பதுதான் முதல் வேலை. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கிலேயே பாருங்கள்.

எத்தனை கிரெய்ன் பவுடர், எந்தக் குண்டுக்கு எது என்பதெல்லாம் இங்கே இருக்காது. அது அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏன் என்று 5-வது படியில் சொல்கிறேன்.

1. சட்டத்தையும் காகிதங்களையும் முடித்துவிட்டு வாருங்கள்

ஒரு பொருள்கூட வாங்குவதற்கு முன்னால் இதை முடியுங்கள். துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது என்பதாலேயே தோட்டா செய்ய அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5-இன்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பிரிவு 25 அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. "என் சொந்த உபயோகத்துக்குத்தான்" என்பது அங்கே பதிலாகாது. ஜெர்மனியில் வெடிபொருள் சட்டம், பிரிவு 27-இன் கீழ் தனி அனுமதி வேண்டும். அதற்கு முன் பயிற்சி வகுப்பும் தேர்வும் உண்டு. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பிரைமர் வாங்க நேரில் போய்ச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் கட்டாயம். நண்பருக்குச் செய்துகொடுத்துப் பணம் வாங்குவதும் இந்தச் சிக்கலில் கொண்டுபோய் விடும். மாநிலமும் நகராட்சியும் தனியாக வைத்திருக்கும் விதிகள் வேறு.

நீங்கள் இருக்கும் இடத்தில் அனுமதி இல்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி உண்டு என்றால் ஒரு கோப்பு போட்டு, இவற்றைச் சேருங்கள்:

துப்பாக்கி உரிமம், ரீலோடிங்குக்கோ வெடிபொருளுக்கோ தனி அனுமதி தேவைப்பட்டால் அது, வீட்டில் எவ்வளவு பவுடரும் பிரைமரும் வைக்கலாம் என்ற உள்ளூர் விதியின் நகல். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். வீட்டுக் காப்பீடு இருந்தால் அந்தப் பாலிசியில் வெடிபொருள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். தெளிவில்லை என்றால் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்க விதிகளையும் பாருங்கள்.

இன்னொன்று துப்பாக்கியின் கையேடு. ரீலோட் செய்த தோட்டாவைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் அதில் அச்சிட்டிருப்பார்கள். தெரிந்தே செய்வது வேறு, பிறகு தெரியவருவது வேறு.

இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஒதுக்குங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாடு என்றால் மாதக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் படியுங்கள்.

2. செலவுக் கணக்கைத் தாளில் போடுங்கள்

"ரீலோட் செய்தால் பாதி விலை" என்று கேள்விப்பட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். சிலருக்கு அது உண்மை. கடையில் மலிவாகக் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை மட்டும் மாதம் ஐம்பது சுடுபவருக்கு, கருவிகளுக்குப் போட்ட பணம் திரும்பவே பல வருடங்கள் ஆகும். பெரிய ரைஃபிள் தோட்டா, எளிதில் கிடைக்காத பழைய அளவு, போட்டிக்கான துல்லியத் தோட்டா, இவற்றில்தான் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். தோட்டாவில் விலை அதிகமான பாகம் பெரும்பாலும் பித்தளைக் கேஸ்தான். அதை நீங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள்.

கணக்கு இப்படி: ஒரு பிரைமரின் விலை, ஒரு குண்டின் விலை, ஒரு தோட்டாவுக்கான பவுடரின் விலை, மூன்றையும் கூட்டுங்கள். பவுடருக்கு மட்டும் கொஞ்சம் வகுத்தல் வேண்டும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். கிராமில் விற்கும் ஊர் என்றால் ஒரு கிராம் 15.43 கிரெய்ன். தோட்டாவுக்கு 5 கிரெய்ன் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுண்டில் 1400 தோட்டா. 40 கிரெய்ன் என்றால் 175 மட்டுமே. கைத்துப்பாக்கிக்காரருக்கு ஒரு டப்பா பல மாதம் வரும், ரைஃபிள்காரருக்குச் சில வாரங்களில் தீரும் என்பது இதிலேயே தெரிகிறது.

தபாலில் வாங்கும் இடங்களில் பவுடருக்கும் பிரைமருக்கும் "ஆபத்தான சரக்கு" என்று தனிக் கட்டணம் போடுவார்கள். அது பெரும்பாலும் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரே தொகை. ஒரு டப்பா வாங்கினாலும் நான்கு வாங்கினாலும் அதேதான். எனவே சேர்த்து வாங்குங்கள், ஆனால் உங்கள் ஊரின் கையிருப்பு வரம்புக்குள்.

எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது? பிரஸ்ஸை, அதாவது கேஸை அழுத்திச் சரிசெய்யும் கைப்பிடி இயந்திரத்தை, பழையதாக வாங்கலாம். நல்ல வார்ப்பிரும்பு பிரஸ் மனிதரைவிட அதிக காலம் உழைக்கும். மேஜையை நீங்களே செய்யலாம். தராசிலும் கையேட்டிலும் பாதுகாப்புக் கண்ணாடியிலும் ஒரு காசுகூடக் குறைக்காதீர்கள். பழைய பவுடர், திறந்த டப்பா, யாரோ பாதி பயன்படுத்திக் கொடுத்தது, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். டப்பாவுக்குள் இருப்பது வெளியே எழுதியிருப்பதுதானா என்று உறுதிசெய்ய உங்களிடம் வழியே இல்லை.

3. இடம்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்: நெருப்பு, காற்று, ஈரம், குறுக்கீடு.

தண்ணீர் கொதிகலன், கேஸ் அடுப்பு, ஹீட்டர், வெல்டிங், சிகரெட், எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. மின்விசிறியும் ஏசியும் தராசின் மேல் ஊதக்கூடாது. கொதிக்கிற ஷெட்டும் ஈரம் கசியும் நிலவறையும் பவுடருக்கும் ஆகாது, பிரைமருக்கும் ஆகாது. கதவைச் சாத்திப் பூட்ட முடிய வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

தரையில் கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே விழும் பவுடர் துகளும் பிரைமரும் கம்பளத்துக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு யாராவது வேக்யூம் கிளீனரை ஓட்டுவார்கள். அந்த மோட்டாரின் தீப்பொறி போதும். வழவழப்பான தரையும், ஒரு மென்மையான துடைப்பமும் முறமும் போதும்.

சாப்பாட்டு மேஜையில் கிளாம்ப் போட்டு ஆரம்பிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கேஸின் உள்ளே அதன் கரி ஒட்டியிருக்கிறது. உணவு வைக்கும் இடத்திலோ அடுக்களையிலோ இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

4. மேஜையைக் கட்டுங்கள்

கேஸைச் சரிசெய்யும்போது பிரஸ்ஸின் கைப்பிடியைக் கீழே அழுத்துவீர்கள். திரும்ப வரும்போது மேலே இழுப்பீர்கள். மேஜை இரண்டு பக்கமும் ஆடும். மேஜை ஆடினால் தராசு ஆடும், நிரப்பி வைத்த கேஸிலிருந்து பவுடர் சிந்தும், அளவுக் கருவிக்குள் பவுடர் அடர்ந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு எடை விழும். அதனால் கனமும் இறுக்கமும்தான் முக்கியம். அழகு எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

மேற்பலகைக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு, பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஒட்டியது. ஆழம் 60 சென்டிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர் இருந்தால் தாராளம். நின்று வேலை செய்பவர் என்றால் உயரம் 95 முதல் 105 சென்டிமீட்டர். உட்கார்ந்து என்றால் 75 முதல் 80. என்னைக் கேட்டால் உயரமாகச் செய்துவிட்டு உயர ஸ்டூல் ஒன்று வையுங்கள், இரண்டுக்கும் ஆகும். பின்பக்கத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள். சுவரில் துளைபோட முடியாத வாடகை வீடு என்றால் கீழ்த்தட்டில் மணல் மூட்டையோ குண்டுப் பெட்டிகளோ வைத்துக் கனமாக்குங்கள்.

பிரஸ்ஸை மேஜைக் கால் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, முன்விளிம்பில் பொருத்துங்கள். நடுவில் பொருத்தினால் பலகை வளையும். துளைபோடுவதற்கு முன் பிரஸ்ஸை வைத்துக் கைப்பிடியை முழுவதும் கீழே வரை இறக்கிப் பாருங்கள்: கால், டிராயர், உங்கள் முழங்கால், எதிலும் இடிக்கக்கூடாது. ஸ்க்ரூ வேண்டாம், பலகையை முழுக்கத் துளைத்துப் போல்ட், அடியில் பெரிய வாஷர், நட். ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்குங்கள்.

மேற்பரப்புக்கு வெளிர் நிறம் பூசுங்கள். பவுடர் கறுப்பு அல்லது கரும்பச்சை. வெள்ளைப் பலகையில் ஒரு துகள் சிந்தினாலும் தெரியும். விளிம்பைச் சுற்றி மெல்லிய சட்டம் அடித்தால் உருளும் பிரைமர் கீழே போகாது.

விளக்கு இரண்டு வேண்டும். ஒன்று தலைக்கு மேலே. இன்னொன்று வளையும் கழுத்துள்ள சின்ன எல்இடி விளக்கு, கேஸுக்குள் நேராக வெளிச்சம் விழுவதற்கு. இந்த இரண்டாவது விளக்குதான் என் மேஜையில் இருக்கும் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். கேஸின் உள்ளே இருட்டாக இருந்தால் பவுடர் விழுந்ததா, ஒருமுறை விழுந்ததா, இரண்டுமுறையா என்று தெரியாது.

பலகையை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடது பக்கம் வேலை பாக்கியிருக்கும் கேஸ், நடுவில் பிரஸ், வலது பக்கம் முடிந்தவை. தராசு பிரஸ்ஸிலிருந்து தள்ளி, முடிந்தால் தனி அலமாரித் தட்டில். திசையை ஒருநாளும் மாற்றாதீர்கள்.

5. முதல் பொருளாகக் கையேடு வாங்குங்கள்

லைமன், ஹார்னடி, லீ போன்ற நிறுவனங்கள் தடித்த ரீலோடிங் கையேடுகள் வெளியிடுகின்றன. பவுடர் தயாரிப்பாளர்களும் தங்கள் பவுடருக்கான அளவுகளைக் கொடுக்கிறார்கள். குறைந்தது இரண்டு மூலங்கள் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். முன்பகுதியில் இருக்கும் செய்முறை அத்தியாயங்களை இரண்டு முறை படித்த பிறகுதான் மற்ற பொருள்களுக்குப் பணம் எடுங்கள்.

கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். எப்போதும் தொடக்க அளவில்தான் ஆரம்பிக்க வேண்டும். உச்சம் மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்து 10 சதவீதம் குறைத்து ஆரம்பிப்பது வழக்கம். ஆனால் குறைக்கக்கூடாது என்று எச்சரித்திருக்கும் பவுடர்களும் உண்டு, ஆகவே அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பையும் படியுங்கள். குண்டு, பிரைமர், கேஸ், பவுடர், இதில் எது மாறினாலும் மறுபடி தொடக்க அளவிலிருந்து.

பெயர்க் குழப்பம் இங்கே உயிர் விஷயம். ஐஎம்ஆர் 4350 என்று ஒரு பவுடர், ஹெச் 4350 என்று இன்னொன்று. எண் ஒன்றே, எரியும் வேகம் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. டப்பாவில் உள்ள முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிளாக் பவுடர் (பழைய காலத்துக் கருமருந்து) என்பது முற்றிலும் வேறு பொருள். அதை இந்த மேஜைக்கே கொண்டுவராதீர்கள்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் யாராவது "நான் இத்தனை கிரெய்ன் போடுகிறேன், அருமையாகச் சுடுகிறது" என்பார். அவர் துப்பாக்கியில் சுடும். அந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், பயன்படுத்தாதீர்கள்.

6. கருவிகள்

பிரஸ் மூன்று வகை. ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்வது சிங்கிள் ஸ்டேஜ். டைகளை (கேஸை உரிய வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சுகளை) சுழற்றி மாற்றிக்கொள்வது டரட். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு முழுத் தோட்டா விழுவது புரோகிரசிவ். முதல் பிரஸ் சிங்கிள் ஸ்டேஜ்தான். மணிக்கு 50 முதல் 100 வரைதான் வரும், உண்மை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கிறீர்கள். புரோகிரசிவ்வில் நாலைந்து விஷயங்கள் ஒரே சமயத்தில் நடக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகாத ஆள் அதில் உட்காரக்கூடாது. பிறகு புரோகிரசிவ் வாங்கினாலும் சிங்கிள் ஸ்டேஜ் வீணாகாது.

டைகள் பெரும்பாலும் எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்ற ஒரே அளவில் வருவதால் ஒரு நிறுவனத்தின் டை இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் பொருந்தும். நேரான சுவருள்ள கைத்துப்பாக்கிக் கேஸுக்குக் கார்பைடு டை வாங்குங்கள், எண்ணெய்ப்பசை தேவையில்லை. கழுத்து குறுகிய ரைஃபிள் கேஸுக்கு அந்தப் பசையை (லூப்) தடவியே தீர வேண்டும். தடவாமல் அழுத்தினால் கேஸ் டைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால் விளிம்பு கிழிந்து கையோடு வரும், கேஸ் உள்ளேயே நிற்கும். சிக்கிய கேஸை எடுக்கும் கருவி என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். அதை எல்லோரும் ஒருமுறையாவது வாங்குகிறார்கள்.

இவையும் வேண்டும்: பிரஸ்ஸில் கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், நீளம் அளக்கும் காலிப்பர், புனல், 50 துளையுள்ள மரத்தட்டு, கையால் பிரைமர் பொருத்தும் கருவி, கேஸின் நீளத்தைக் குறைக்கும் டிரிம்மர், வெட்டிய விளிம்பை மழுக்கும் கருவி, பவுடர் அளவுக் கருவி, தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல். டம்ப்ளர் (கேஸை உருட்டிச் சுத்தம்செய்யும் இயந்திரம்) ஆரம்பத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேஸைக் கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும்.

தராசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. 0.1 கிரெய்ன் காட்ட வேண்டும். அதாவது ஒரு கிராமில் 150-இல் ஒரு பங்கு. மின்னணுத் தராசு வேகமானது. ஆனால் காற்று, வெப்பம், பக்கத்தில் இருக்கும் கைப்பேசி, சில குழல் விளக்குகள், எல்லாமே அதைப் பாதிக்கும். பழைய காலத்துத் துலாக்கோல் தராசு மெதுவானது, மின்சாரக் கோளாறு அதற்கு இல்லை. எதுவாக இருந்தாலும் சோதனை எடைக்கல் தொகுப்பு தனியாக வாங்குங்கள். நீங்கள் போடப்போகும் பவுடர் எடைக்கு நெருக்கமான கல் அதில் இருக்க வேண்டும். 50 கிராம் கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டு 5 கிரெய்னை நம்புவது சரியில்லை. மின்னணுத் தராசை அரைமணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். தொடங்கும்போது ஒருமுறை, பத்து தோட்டாவுக்கு ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை கல்லை வைத்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் 140-க்குப் பதில் பத்தைத்தான் பிரித்திருப்பேன்.

பக்கத்தில் மூடியில்லாத கண்ணாடியே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். பிரைமர் டப்பாவைத் திறந்ததிலிருந்து மூடும்வரை அது முகத்தில் இருக்க வேண்டும்.

7. பவுடரும் பிரைமரும் எங்கே இருக்க வேண்டும்

இன்றைய புகையற்ற பவுடர் திறந்த வெளியில் வேகமாக எரியும்; அடைத்து வைத்தால்தான் அழுத்தம் ஏறி வெடிக்கும். டப்பாக்களை மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்வதற்குக் காரணம் அதுதான். தீ பிடித்தால் குறைந்த அழுத்தத்திலேயே பிளந்துவிடும். பத்திரம் என்று நினைத்துக் கனமான இரும்புப் பெட்டியிலோ துப்பாக்கிப் பெட்டகத்திலோ பூட்டினால் நீங்களே ஒரு வெடிகுண்டைச் செய்து வைக்கிறீர்கள். பூட்டக்கூடிய மர அலமாரிதான் சரி. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 495 என்ற தீத் தடுப்புத் தரம் வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாக்களிலும், அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஒரு அங்குலச் சுவருள்ள மரப்பெட்டியிலும் வைக்கலாம் என்கிறது. பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். புதியவருக்கு ஒரு டப்பா பவுடரும் ஒரு பெட்டி பிரைமரும் போதும்.

பிரைமர் அதன் அசல் அட்டையில், ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருக்கும். அதைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தவர்கள் உண்டு. ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். பவுடரையும் பிரைமரையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர், ஒரே பிரைமர், ஒரே குண்டு. வேலை முடிந்ததும் அளவுக் கருவியில் மீதமுள்ள பவுடரை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டுங்கள். நாளைக்குத் தொடரத்தானே போகிறோம் என்று நான் ஒருமுறை விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தபோது அலமாரியில் இரண்டு டப்பாக்கள். கருவியில் இருந்தது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. அதைத் திறந்த வெளியில் கொண்டுபோய் அப்புறப்படுத்தினேன். இப்போது டப்பாவை மூடி, கருவிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். கருவி காலியாகும்வரை அது அங்கிருந்து நகராது.

பவுடர் டப்பாவைத் திறந்ததும் புளித்த, அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அது கெட்டுவிட்டது. பயன்படுத்தாதீர்கள், வீட்டிலும் வைக்காதீர்கள்.

தீயணைப்பான் அறைவாசலில் இருக்கட்டும். ஆனால் புகையற்ற பவுடருக்கு எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது; மூடி அணைக்க முடியாது. அணைப்பான் சுற்றியுள்ள மரத்துக்கும் காகிதத்துக்கும்தான். பவுடரே எரிந்தால் வெளியே ஓடுங்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

8. முதல் நாள்: பத்தே தோட்டா

காலி கேஸில் ஆரம்பியுங்கள். உள்ளே ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, சாதாரணக் கருவியால் பிரைமரை வெளியே தள்ளலாம். இரண்டு சிறு துளை இருந்தால் பெர்டான், ஒதுக்கிவிடுங்கள். இரும்பு, அலுமினியக் கேஸ்களையும் ஒதுக்குங்கள்.

ரைஃபிள் கேஸ் என்றால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான மெல்லிய வளையம் தெரிகிறதா பாருங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கேஸில் வழுக்கிக்கொண்டு வரும். சுவர் மெலிந்திருந்தால் ஒரு பள்ளத்தில் நுனி இடறும், விரலில் தெரியும். அந்தக் கேஸ் அடுத்த சுடுதலில் இரண்டாகப் பிரியலாம். இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காமல் போட்டால் மறுபடி கூட்டத்தில் கலந்துவிடும்.

தேறிய கேஸிலிருந்து பழைய பிரைமரை நீக்கி, டையில் அழுத்திச் சரிசெய்து, புது பிரைமரைப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு கேஸின் அடியை விரலால் தடவுங்கள். பிரைமர் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். துருத்திக்கொண்டு இருந்தால் சரியில்லை. பிரைமரை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

அடுத்து பவுடர். பத்து கேஸையும் தட்டில் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, பவுடர் போட்டு, நிரம்பியவற்றின் வரிசையில் வையுங்கள். நிமிர்ந்திருப்பது நிரம்பியது, கவிழ்ந்திருப்பது காலி. இடையில் யார் கூப்பிட்டாலும், எங்கே விட்டீர்கள் என்ற கேள்வியே வராது. முதல் பத்தில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

பிறகு குண்டை வைப்பதற்கு முன்னால், அந்தச் சின்ன விளக்கைப் பிடித்து பத்து கேஸுக்குள்ளும் வரிசையாகப் பாருங்கள். மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக் கேஸில் பவுடர் பாதிக்கும் கீழே நிற்பதால் இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது; அதைப் பார்க்கக் கண் மட்டுமே இருக்கிறது. முடிந்தால் கையேட்டில் உள்ள பவுடர்களில் கேஸை அதிகம் நிரப்பும் பருமனான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை விழுந்தால் வெளியே கொட்டி, தானே காட்டிக்கொடுக்கும். பவுடரே இல்லாத கேஸும் அதே அளவு ஆபத்து: பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழாய்க்குள் பாதியில் நின்றுவிடும், அடுத்த குண்டு அதன் மேல் மோதிக் குழாய் வெடிக்கும்.

குண்டைக் கையேடு சொல்லும் மொத்த நீளத்துக்கு உட்காரவைத்து, காலிப்பரால் அளந்து பாருங்கள். அதிகம் உள்ளே இறங்கினால் அழுத்தம் எகிறும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம். தூக்கக் கலக்கம், மது, பேச்சுத்துணை, ஓடும் டிவி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு மேஜைப் பக்கம் போகாதீர்கள். வேலைநேரத்தில் எதையும் தின்னாதீர்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையைக் கழுவுங்கள். டம்ப்ளரின் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அதை வெளியே, காற்றோட்டத்தில் வைத்துத் திறங்கள்.

9. நோட்டும் லேபிளும்

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி: தேதி, கேஸ் எந்த நிறுவனம், எத்தனையாவது முறை, பிரைமர், பவுடரின் முழுப் பெயரும் லாட் எண்ணும், எடை, குண்டின் எடையும் வகையும், மொத்த நீளம், எத்தனை செய்தீர்கள். அதே விவரத்தைத் தோட்டாப் பெட்டியின் மேலும் ஒட்டுங்கள். லேபிள் இல்லாத பெட்டியில் இருக்கும் தோட்டாவைச் சுடக்கூடாது, பிரிக்கத்தான் வேண்டும். வாங்கிய ரசீதுகளையும் 1-ஆம் படியில் சொன்ன கோப்பில் சேருங்கள். யாராவது வந்து கேட்டால் எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு செலவானது என்று காட்ட முடிய வேண்டும்.

நேரக் கணக்கு, என் அனுபவத்தில்: காகித வேலை போக, படிப்புக்கு மூன்று வாரம், மேஜைக்கு ஒரு வார இறுதி, பொருள்கள் வந்து சேர இரண்டு மூன்று வாரம், தராசையும் டைகளையும் பழகிக்கொள்ள இரண்டு மாலை. பவுடரும் பிரைமரும் இல்லாமல் வெறும் கேஸும் குண்டும் வைத்து இரண்டு மாதிரித் தோட்டாக்கள் செய்து பாருங்கள். நீளம் சரிதானா, துப்பாக்கியில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று அவற்றிலேயே தெரிந்துவிடும். அவற்றின் பக்கத்தில் ஒரு துளை போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அசலோடு கலக்காது.

பத்து தோட்டாவையும் ரேஞ்சுக்கு எடுத்துப்போய், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். சத்தம் மந்தமாகவோ உதைப்பு குறைவாகவோ வந்தால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். ஒவ்வொரு காலி கேஸையும் எடுத்துப் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா, கேஸ் எடுக்கக் கடினமாக இருந்ததா என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள். பத்தும் சரியாக இருந்தால், வீட்டுக்கு வந்து தராசைப் போட்டு அரைமணி நேரம் காத்திருந்து, அடுத்த இருபதை ஆரம்பியுங்கள்.